பெட்டியாமையின் விலாசம்

அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் கோடை மழை பெய்து ஓய்ந்த காலைகளில் காட்டோரச் சாலைகளிலும் வீடுகளின் புறக்கடைத் தோட்டங்களிலும் ஓர் ஆமை நடந்து செல்வதைக் காணலாம். இரு உள்ளங்கைகளுக்குள் அடங்கிவிடும் உருவம். உயர்ந்து குவிந்த கரும்பழுப்பு ஓட்டின்மேல் மஞ்சளும் செம்மஞ்சளுமாகத் தீற்றல்கள். அதை முதலில் காண்பவர்கள் பெரும்பாலும் குழந்தைகளாகவே இருப்பார்கள். பெரியவர்கள் அவ்வளவு தாழ்வாகப் பார்த்து நடப்பதில்லை. கண்டெடுத்த குழந்தை அதை வீட்டுக்குத் தூக்கிவந்து இரண்டு கேள்விகள் கேட்கும். இது என்ன ஆமை? இதற்கு என்ன தின்னக் கொடுப்பது? முதல் கேள்விக்கு 1758ஆம் ஆண்டிலேயே லின்னேயஸ் விடையளித்துவிட்டார். இரண்டாவது, கேட்கவேண்டிய கேள்வியே அல்ல என்பது விளங்க மேலும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின.

அடையாளம் காண்பது எளிது. வயிற்றுப்புற ஓட்டின் குறுக்கே ஒரு கீல் உண்டு. அஞ்சினால் தலை, கால், வால் அனைத்தையும் உள்ளிழுத்துக்கொண்டு அந்தக் கீலை மடக்கிப் பெட்டியைப் போல மூடிக்கொள்ளும். அதனால்தான் பெட்டியாமை என்று பெயர். ஐம்புலன் அடக்கத்துக்கு ஆமையை உவமை கூறிய வள்ளுவர் இதைக் கண்டிருந்தால் மிகவும் மகிழ்ந்திருப்பார். ஏனைய ஆமைகளின் அடக்கத்தில் சற்றே இடைவெளி உண்டு, இதில் இல்லை. ஆணின் கண்கள் பெரும்பாலும் சிவந்திருக்கும், வயிற்றோடு உட்குழிந்திருக்கும். பெண்ணுக்குக் கண் பழுப்பு, வயிற்றோடு தட்டை. ஓட்டு வளையங்களை எண்ணி வயதைக் கூறிவிடலாம் என்று பலரும் நம்புகின்றனர். இளம் ஆமைகளில் அது ஓரளவு பொருந்தும். முதுமையில் வளையங்கள் தேய்ந்து மறைந்துவிடும். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழும் பிராணிக்கு அக்கணக்கு எப்படிப் போதும்?

முற்காலத்தில் பண்ணைச் சிறுவர்கள் இந்த ஆமைகளின் ஓட்டில் கத்தியால் தங்கள் பெயரின் முதலெழுத்துகளையும் ஆண்டையும் செதுக்கி விட்டுவிடுவது வழக்கம். ஓடு என்பது முதுகெலும்பும் விலாவெலும்பும் இணைந்து உருவான உயிருள்ள எலும்பு; செதுக்கினால் புண்படும். ஆயினும் அந்த விளையாட்டின் வடிவத்தையே அறிவியலும் எடுத்துக்கொண்டது என்பதுதான் இந்த வரலாற்றில் வியப்புக்குரிய செய்தி. நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் மீன்களை ஆராய்ந்தவர் ஜான் டிரெட்வெல் நிக்கல்ஸ். 1913இல் 'கோபியா' என்னும் ஆய்விதழைத் தொடங்கியவரும் அவரே. லாங் ஐலண்டின் மாஸ்டிக் பகுதியில், தாம் கண்ட பெட்டியாமைகளுக்கெல்லாம் குறியிட்டுப் பல ஆண்டுகள் கவனித்துவந்தார். அதே ஆமைகள் அதே இடங்களில் திரும்பத் திரும்பத் தென்பட்டன. சிறிது தொலைவு கொண்டுபோய் விடப்பட்டவற்றுள் சில தம் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தன. இவற்றை 1939இல் கட்டுரையாக எழுதினார்.

சார்லஸ் பிரீடர் என்பவர் 1927இலேயே ஆமையின் முதுகில் நூற்கண்டு ஒன்றைப் பொருத்திவிடும் உத்தியைக் கையாண்டிருந்தார். ஆமை நடக்க நடக்க நூல் அவிழ்ந்து அது சென்ற வழியைக் காட்டும். ரேடியோ கருவிகள் வருவதற்கு முன் இதைவிட அழகான உத்தி இருந்திருக்குமா என்பது ஐயமே. அதைப் பெரிய அளவில் பயன்படுத்தியவர் லூசில் ஸ்டிக்கல். மேரிலாந்து மாநிலத்தின் பட்டுக்சென்ட் ஆய்வுச் சரணாலயத்தில், ஆற்றங்கரைக் காட்டில் ஏறத்தாழ 29 ஏக்கர் நிலத்தை எடுத்துக்கொண்டு, 1944இல் தொடங்கி அங்கிருந்த ஆமைகளுக்குக் குறியிட்டு நூல் பிடித்துத் தொடர்ந்தார். 1950இல் வெளிவந்த அவருடைய ஆய்வின்படி ஓர் ஆண் ஆமையின் நடமாட்ட எல்லை சராசரியாக 330 அடி விட்டம். பெண்ணுக்கு 370 அடி. ஆண்டுகள் கடந்தும் பெரும்பாலான ஆமைகள் இந்தச் சிறு வட்டத்தை விட்டு நீங்குவதில்லை. எந்தப் புதரடியில் காளான் முளைக்கும், எந்தப் பள்ளத்தில் நீர் தேங்கும், எந்தச் சருகுக் குவியலுக்கடியில் பனிக்காலத்தைக் கழிக்கலாம் என்பன அதற்குத் தெரியும். வேறிடத்தில் கொண்டுபோய் விட்டால், பழைய இடத்தைத் தேடி அலைந்து, சாலைகளில் நசுங்கியோ குளிரில் விறைத்தோ மடிவன பல.

இதே ஸ்டிக்கல்தான் டிடிடி தெளித்த காட்டில் எலிகளை ஆராய்ந்து 1946இல் கட்டுரை வெளியிட்டவர். ரேச்சல் கார்சனின் 'மௌன வசந்தம்' நூலுக்கு அடித்தளமிட்ட ஆய்வுகளில் அவருடையவையும் உண்டு. 1972 முதல் 1982 வரை பட்டுக்சென்ட் ஆய்வு மையத்தின் இயக்குநராகவும் இருந்தார். அவ்வளவு பணிகளுக்கிடையிலும் 1955, 1965, 1975 ஆகிய ஆண்டுகளில் அந்த 29 ஏக்கருக்குத் திரும்பிச் சென்று ஆமைகளை மீண்டும் எண்ணினார். காவலுள்ள அந்தக் காட்டிலேயே எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருந்தது. ஒரு பருவத்தில் சில முட்டைகளே இடும், பல ஆண்டுகள் கழித்தே பருவமெய்தும் உயிரினம் இது. வளர்ந்த பெண் ஆமை ஒன்றைக் குழந்தை ஆசையாய் எடுத்துச் சென்றுவிட்டால், அந்தக் காட்டைப் பொறுத்தவரை அது இறந்ததற்குச் சமம்.

சட்டங்கள் மெதுவாகவே வந்தன. நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஓடுடைய ஆமைகளை விற்க 1975இல் அமெரிக்க அரசு தடை விதித்தது. ஆமைக்குஞ்சுகளிடமிருந்து குழந்தைகளுக்குச் சால்மோனெல்லா தொற்றுவதே காரணம். அது குழந்தையைக் காக்க வந்த சட்டம். பெட்டியாமைகளின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த, அவை சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட 1994 வரை ஆயிற்று.

ஆகவே இன்று குழந்தைக்குக் கூறப்படும் பராமரிப்பு முறை மிகச் சுருக்கமானது. சாலையைக் கடந்துகொண்டிருந்தால், அது எந்தத் திசை நோக்கிச் சென்றதோ அந்தப் பக்கத்தில் தூக்கி விடு. திருப்பி விட்டால் மீண்டும் சாலையில் இறங்கும். குளத்தில் போடாதே, இது நிலத்தில் வாழ்வது, நீந்துவதில் தேர்ந்ததன்று. ஓட்டில் வண்ணம் பூசாதே. கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. ஓடு பிளந்திருந்தால் மட்டுமே பெட்டியில் வைத்து வனவிலங்கு மருத்துவரிடம் கொண்டு செல். பிளந்த ஓட்டை ஒட்டி இணைக்க அவர்களுக்குத் தெரியும். எலும்பு மெல்லக் கூடிவிடும். அங்கே அவர்கள் கேட்கும் முதற் கேள்விகளுள் ஒன்று, ஆமையைச் சரியாக எந்த இடத்தில் கண்டெடுத்தாய் என்பது. அதற்கு விடை தெரியாத குழந்தை கொண்டுவந்த ஆமை பிழைத்துவிடும். ஆனால் அதைத் திரும்ப எங்கே விடுவது என்று எவராலும் கூற இயலாது.