தோலின் கீழ் ஒரு வாசல்

கீமோதெரபி தொடங்குவதற்கு முன்பு, காறை எலும்புக்குச் சற்றுக் கீழே தோலை வெட்டி, அதன் அடியில் ஒரு சிறு கருவியைப் புதைக்கிறார்கள். ‘போர்ட்’ என்பது அதன் பெயர். தடித்த நாணயம் ஒன்றின் அளவு. டைட்டேனியத்தினாலோ கடினமான பிளாஸ்ரிக்கினாலோ ஆன கிண்ணம். அதன் வாயை மூடிய சிலிக்கன் தகடு. அங்கிருந்து புறப்பட்டுக் கழுத்து நாளம் ஒன்றின் வழியாக இதயத்தின் வாசல்வரை செல்லும் மெல்லிய குழாய். அவ்வளவுதான். பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் வேலை முடிந்துவிடும். வைத்தியர்கள் இதனைச் ‘சிறிய சத்திரசிகிச்சை’ என்பர். அவர்கள் பார்வையில் அது சரியே. அதை உடம்பில் சுமந்துகொண்டு அன்றிரவு படுக்கப் போகிறவருக்கு அது அவ்வளவு சிறியதல்ல.

கனடாவில் வாழும் என் பழைய சக பத்திரிகையாளர் ஒருவர், போர்ட் வைத்து நான்கு நாட்களின் பின் தொலைபேசியில் பேசினார். கழுத்தைத் திருப்பினால் உள்ளே யாரோ நூலைப் பிடித்து இழுப்பது போல இருக்கிறது என்றார். வைத்தியரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். “புற்றுநோய் பார்க்கிற டொக்டரிட்டப் போய் இதைச் சொல்லுறதே?” என்று சிரித்தார். பெரிய நோயின் முன்னால் சிறிய வலியைச் சொல்ல வெட்கப்படுவது நம்மவர் பலரின் சுபாவம். ஆனால் இந்தக் கருவியின் வரலாற்றைத் தேடிப் பார்த்தால் ஒன்று தெளிவாகும்: ‘சிறிய’ வலி என்று ஒதுக்கப்பட்டதைச் சிலர் பெரிதாக எடுத்துக்கொண்டதனாலேயே இது பிறந்தது.

கதை போரில் தொடங்குகிறது. கடுகு வாயுவின் குடும்பத்தைச் சேர்ந்த நைட்ரஜன் மஸ்டர்ட் என்னும் நஞ்சை, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் குட்மன், அல்பிரட் கில்மன் ஆகியோர் ஆராய்ந்துகொண்டிருந்தனர். 1942 ஆகஸ்டில், நிணநீர்ப் புற்றுநோயால் சாகும் தறுவாயில் இருந்த ஒருவருக்கு அது நாளத்தின் வழியே ஏற்றப்பட்டது. வரலாறு அவரைப் பெயரின் இரண்டு முதலெழுத்துகளால் மட்டுமே அறியும். கட்டிகள் வியக்கத்தக்க வகையில் கரைந்தன. பின்னர் திரும்பி வந்தன. அவ்வாண்டு டிசம்பரில் அவர் இறந்தார். போர்க்கால இரகசியம் என்பதால் இச்செய்தி 1946 வரை வெளிவரவில்லை.

தோலில் பட்டால் கொப்புளம் எழுப்பும் நஞ்சு, நாளத்தின் உட்சுவரை மட்டும் விட்டுவைக்குமா? பின்னாளில் வந்த மருந்துகள் சிலவும் இதே இயல்பு கொண்டவை. வின்கிறிஸ்ரின் என்ற மருந்து, நம் வீட்டு முற்றங்களில் கேட்பாரின்றிப் பூத்துக் கிடக்கும் பட்டிப்பூவிலிருந்து, அதாவது நித்தியகல்யாணியிலிருந்து, எடுக்கப்படுவது. 1963இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. அதுவும் சரி, செந்நிறமான டொக்சோறூபிசினும் சரி, நாளத்துக்கு வெளியே கசிந்தால் சுற்றியுள்ள தசையையே புண்ணாக்கி அழுகச் செய்யக்கூடியவை. சில சுற்றுச் சிகிச்சைக்குள் கைநாளங்கள் கயிறுபோல் இறுகிவிடும். நம்மவர் இரத்த நாளத்தையும் ‘நரம்பு’ என்றே சொல்வர்; “நரம்பு பிடிபடேல்லை” என்று தாதி மூன்றாம் முறை ஊசியை எடுக்கும்போது நோயாளியின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு மேலும் விளக்கம் தேவையில்லை.

இதற்கு மாற்றுவழி, குருதி வேகமாக ஓடும் பெரிய நாளத்தில் மருந்தை விடுவது. அங்கு மருந்து உடனே நீர்த்துவிடும். ஆனால் இதயத்துக்கு அருகே குழாயைக் கொண்டுசெல்வது கொலைக்கு ஒப்பான செயல் என்று கருதப்பட்ட காலம் ஒன்றிருந்தது. 1929இல் ஜேர்மனியின் ஏபர்ஸ்வால்டே நகரில் வேர்னர் போஸ்மன் என்ற இளம் வைத்தியர் மேலதிகாரியின் தடையை மீறி, தம் இடது முழங்கை மடிப்பின் நாளத்தினுள் 65 சென்ரிமீற்றர் குழாயைச் செலுத்தினார். குழாய் உள்ளே இருக்கவே எக்ஸ்றே அறைக்கு நடந்து சென்று, அது இதயத்தை அடைந்ததைப் படம் பிடித்துக் காட்டினார். என்னைக் கவர்ந்தது அந்தத் துணிச்சலைவிட அவரது குறிப்புத்தான். நாளச் சுவரில் ஒரு சூடு, இருமல் வருவது போன்ற ஓர் உணர்வு என்று தம் உடம்பில் நேர்ந்ததை ஒளிக்காமல் எழுதி வைத்தார். 1956இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

பின்வந்த படிகளை விரைவாகக் கடந்துவிடலாம். 1952இல் பிரெஞ்சு வைத்தியர் றொபேர் ஒபானியாக், காறை எலும்பின் கீழுள்ள நாளத்தை ஊசியால் அடையும் வழியைக் காட்டினார். 1953இல் சுவீடனின் செல்டிங்கர், கம்பியை வழிகாட்டியாகக் கொண்டு குழாயைச் செலுத்தும் முறையை வெளியிட்டார். 1973இல் சியாற்றில் நகரில் ஜோன் புரோவியாக் மென்மையான சிலிக்கன் குழாயைத் தோலின் அடியில் சுரங்கம்போல் ஓடவிட்டார். 1979இல் அதே நகரின் றொபேட் ஹிக்மன் அதனைச் சற்றுப் பெரிதாக்கினார். நாளங்கள் தப்பின. ஆனால் குழாயின் நுனி மார்புக்கு வெளியே தொங்கியது. குளிப்பதற்குப் பயம், நீந்துவது நினைக்கவே முடியாதது.

முழுவதையும் தோலுக்குள் மறைக்கும் எண்ணத்துக்கு முன்னோடி என நான் கருதுவது அயூப் ஒம்மாயாவை. பிரிவினைக்கு முந்திய பஞ்சாபில் பிறந்து, லாகூரில் மருத்துவம் கற்று, அமெரிக்காவில் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணராக விளங்கியவர். 1963இல் தலைத்தோலின் அடியில் ஒரு சிறு சிலிக்கன் குமிழைப் புதைத்து, அதனூடாக மூளைத் திரவத்துள் மருந்தைச் செலுத்தும் வழியைக் கண்டார். ஒவ்வொரு முறையும் முதுகுத்தண்டில் ஊசி ஏற்றும் வேதனை அதனால் தவிர்ந்தது.

ஊசியின் கதை இன்னும் சுவையானது. சாதாரண ஊசி சிலிக்கன் தகட்டைத் துளைக்கும்போது அதிலிருந்து ஒரு துணுக்கைச் சீவி எடுத்துவிடும். தகடு ஒழுகத் தொடங்கும். போர்ட்டுக்குப் பயன்படும் ஊசியின் முனை பக்கவாட்டில் வளைந்தது; துளைக்காமல் பிளந்து செல்வது. ஹூபர் ஊசி என்று அதற்குப் பெயர். றால்ப் ஹூபர் 1940களில் சியாற்றிலில் வாழ்ந்த ஒரு பல்வைத்தியர். ஊசி போடும்போது ஏற்படும் வலியைக் குறைக்கவே அவர் அந்த முனையை வடிவமைத்தார். புற்றுநோய்க்கும் அவருக்கும் தொடர்பே இல்லை.

1982இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜோன் நீடர்ஹூபரும் குழுவினரும், முழுமையாகத் தோலுக்குள் புதைக்கப்பட்ட கருவியை 30 நோயாளர்களில் பயன்படுத்திய அனுபவத்தை வெளியிட்டனர். இன்றைய போர்ட் அதுதான். 2021இல் ‘லான்செற்’ இதழில் வெளியான பிரித்தானிய ஆய்வு 1061 நோயாளர்களில் மூன்று வகைக் குழாய்களை ஒப்பிட்டது. ஹிக்மன் குழாயுடன் ஒப்பிட்டபோது, அதை வைத்தவர்களில் 43 சதவீதமானோருக்கும் போர்ட் வைத்தவர்களில் 29 சதவீதமானோருக்கும் சிக்கல்கள் நேர்ந்தன. போர்ட் மேலானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பத்துப் பேரில் ஏறத்தாழ மூவர் என்பதும் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

இனி, அந்த நான்காம் நாள் கழுத்துக்கு வருவோம். குழாய் காறை எலும்பின் மேலாக ஏறிக் கழுத்து நாளத்துள் இறங்குவதால் அந்த இழுவை ஏற்படுகிறது. கன்றிய நிறமும் வலியும் வழமையாக ஓரிரு வாரத்தில் தணியும். தோளை அசையாமல் வைத்திருப்பது நல்லதெனப் பலர் நினைப்பர். அது தவறு, மூட்டு இறுகிவிடும். பாரம் தூக்குவதைத்தான் தவிர்க்கவேண்டும், மெல்லிய அசைவை அல்ல. மறுபக்கம் சரிந்து, கையின் கீழ் ஒரு தலையணையை அணைத்துப் படுத்தால் பலருக்கு உறக்கம் வரும். வலிக்குப் பனடோல் எடுக்குமுன் உடல் வெப்பத்தை அளக்கவேண்டும். அந்த மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும். அஸ்பிரின், இபுபுறோபன் போன்றவற்றைக் கேட்காமல் தொடக்கூடாது.

ஆசனப்பட்டி ஒரு தனித் தொல்லை. போர்ட் பெரும்பாலும் வலது மார்பில் வைக்கப்படுவது. இலங்கையிலும் பிரித்தானியாவிலும் வாகனம் ஓட்டுபவரின் வலது தோளின் மேலாகப் பட்டி வரும். கனடாவில் அது முன்னாசனப் பயணியின் வலது தோளில் உராயும். பட்டியைக் கழற்றிவிடுவது மடமை. பட்டியைச் சுற்றிக் கட்டும் சிறு பஞ்சணைகளைத் தொண்டர்கள் தைத்துக் கொடுக்கும் வைத்தியசாலைகள் மேற்கில் உண்டு. பொறியியலாளர் எவரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. சத்திரசிகிச்சைக்கு முன்னரே, பட்டியும் உள்ளாடை வாரும் எங்கே படும் என்பதைக் காட்டி இடத்தைத் தெரிவுசெய்யுமாறு கேட்கலாம். கேட்பவர்கள் குறைவு.

ஊசிக்கு அஞ்சுவோருக்கு, 1980களில் சுவீடனில் அறிமுகமான லிடோகேன், பிரிலோகேன் கலந்த விறைப்பூட்டும் களிம்பு உண்டு. குறைந்தது ஒரு மணித்தியாலம் முன்னதாகத் தடிப்பாகப் பூசவேண்டும். சேலைன் செலுத்திக் கழுவும்போது வாயில் உப்பும் உலோகமும் கலந்த சுவை தட்டினால் பயம் வேண்டாம். ஒரு எலுமிச்சை இனிப்பு போதும்.

வலிகள் யாவும் இவ்வாறு பொறுத்துக்கொள்ளத்தக்கவை அல்ல. 38 பாகைக்கு மேற்பட்ட காய்ச்சல், கழுவிய பின் நடுக்கம், பரவும் சிவப்பு, சீழ், கையோ கழுத்தோ முகமோ வீங்குதல், மூச்சுத்திணறல், மருந்து ஏறும்போது எரிவு – இவற்றில் எதுவாயினும் அந்த நேரத்திலேயே சொல்லவேண்டியது. நண்பரின் கழுத்து இழுவை இப்பட்டியலில் இல்லை. ஆயினும் அடுத்த முறை அதைத் தாதியிடம் சொன்னார். அவர் தொட்டுப் பார்த்து, கையைச் சுவரில் மெல்ல ஏற்றி இறக்கும் பயிற்சியைக் காட்டிக் கொடுத்தாராம்.

சிகிச்சை முடிந்த பின்னும் அடைபடாதிருக்கப் போர்ட்டைக் கழுவவேண்டும். நான்கு வாரத்துக்கு ஒரு முறை என்பது நெடுநாள் வழக்கம். இப்போது மூன்று மாதம்வரை நீட்டும் நிலையங்களும் உள்ளன. நோய் மீண்டும் வந்தாலும் வரலாம் என்று அதை அகற்றத் தயங்குவோர் உண்டு. அகற்றுவதற்கு அந்த இடத்தை மட்டும் விறைக்கச் செய்தாலே பெரும்பாலும் போதுமானது. பழைய தழும்பையே மீண்டும் திறப்பர்.