பட்டியலில் ஒரு பெயர்: தாய்லாந்து, 2003

தாய் மொழியில் 'யா' என்றால் மருந்து. 'மா' என்றால் குதிரை. மெத்தாம்பெட்டமின் கலந்த ஒரு சிறு மாத்திரையை அந்நாட்டு லாரி ஓட்டுநர்கள் இரவெல்லாம் கண்விழிக்க விழுங்கிவந்த காலத்தில் அதற்கு 'யா மா' என்று பெயர் இருந்தது. 1996-ஆம் ஆண்டு அரசே முன்வந்து அதை 'யா பா' என்று மாற்றியது. 'பா' என்றால் பைத்தியம். உழைப்பவனின் மருந்தாக இருந்தது பித்தனின் மருந்தாயிற்று. ஏழாண்டுகள் கழித்து நடந்தவற்றைப் படிக்கும்போது, இந்தப் பெயர்மாற்றத்தைச் சிறிய செய்தியென்று ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை.

2003 பிப்ரவரி 1-ஆம் நாள் பிரதமர் தக்சின் ஷினவத்ரா போதைப்பொருளுக்கு எதிரான போரைத் தொடங்கினார். காலக்கெடு மூன்று மாதங்கள். இந்தப் போரின் அடிப்படை ஆயுதம் துப்பாக்கியன்று, பட்டியல். கிராமத் தலைவர்களும் மாவட்ட அதிகாரிகளும் காவல்துறையினரும் தத்தம் பகுதியில் விற்பவர், பயன்படுத்துபவர் என ஐயத்திற்குரியோரின் பெயர்களை எழுதித் தந்தனர். குறித்த காலத்திற்குள் அப்பெயர்களைக் குறைத்துக் காட்ட வேண்டியது மாகாண ஆளுநர்களின், காவல்துறைத் தலைவர்களின் பொறுப்பு. காட்டாதவர் பதவியை இழக்க நேரும். பெயர் எவ்வாறு குறைந்தது என்பதை எவரும் பெரிதாக வினவவில்லை. கைதானாலும் குறையும், சரணடைந்தாலும் குறையும், செத்தாலும் குறையும்.

ஊரார் சேர்ந்து எழுதும் பட்டியலில் ஒரு கவர்ச்சி உண்டு என்பதை நாம் மறுக்கக் கூடாது. தலைநகரத்து அதிகாரியைவிட ஊர்க்காரனுக்கு ஊர் தெரியும். பிள்ளைகளை மாத்திரைக்குப் பறிகொடுத்த தாய்தந்தையர் நடவடிக்கை வேண்டுமென்று மன்றாடியதும் உண்மை. அந்த இயக்கத்திற்கு மக்களிடையே பெரும் ஆதரவு இருந்தது. 2005 தேர்தலில் தக்சின் முன்னிலும் பெரிய வெற்றி பெற்றார். ஆனால் ஊருக்கு ஊர்க்காரனைத் தெரியும் என்பதில் வரப்புத் தகராறும் கடன் பகையும் பழைய தேர்தல் கசப்பும் அடக்கமல்லவா? பட்டியலில் ஏறிய பெயரைக் குறித்து வாதிட நீதிமன்றம் ஏதும் இல்லை. தன் பெயர் இருக்கிறதென்று கேள்விப்பட்டவர்கள் அதைத் தெளிவுபடுத்திக்கொள்ளக் காவல்நிலையம் போனார்கள். அப்படிப் போய் வீடு திரும்பும் வழியிலேயே சுட்டுக் கொல்லப்பட்டவர்களைப் பற்றி மனித உரிமை அமைப்புகள் விரிவாகவே பதிவுசெய்துள்ளன.

இச்சாவுகளுக்கும் ஒரு சொல் கிடைத்தது: 'கா தட் தோன்'. கொன்று கண்ணியை அறுத்தல் என்று பொருள் கொள்ளலாம். தங்களைக் காட்டிக்கொடுத்துவிடுவார்கள் என்றஞ்சி வணிகர்களே ஒருவரையொருவர் கொன்றுகொள்கிறார்கள் என்பது காவல்துறையின் விளக்கம். அச்சொல் செய்தித்தாள்களில் புழங்கத் தொடங்கியபின் ஒவ்வொரு பிணத்தைப் பற்றியும் தனித்தனியே கேள்வி கேட்கும் கடமை தளர்ந்துபோயிற்று. பிப்ரவரி மாதமே பாங்காக்கில் காவலர் நடவடிக்கையொன்றின்போது, தாய் ஓட்டிச்சென்ற காரில் இருந்த ஒன்பது வயதுச் சிறுவன் சுடப்பட்டு இறந்தான். அவனை எந்தக் கண்ணியில் சேர்ப்பது? ஐக்கிய நாடுகள் அவை கவலை தெரிவித்தபோது, அது தமக்குத் தந்தையல்ல என்றார் பிரதமர். தேசிய மனித உரிமை ஆணையத்தின் உறுப்பினர் ஒருவர் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியதற்காகக் கண்டனத்திற்கும் மிரட்டலுக்கும் ஆளானார்.

துப்பாக்கிக்குத் தப்பியவர்களின் நிலையும் சொல்லத் தக்கது. சிகிச்சை முகாம்களில் சேர்ந்தோரில் பலர் போதைக்கு அடிமையானவரே அல்லர். பட்டியலுக்கு அஞ்சி அடைக்கலம் தேடியவர்கள். உண்மையில் ஊசிவழி ஹெராயின் செலுத்திக்கொண்டிருந்தவர்களோ மருத்துவமனைப் பக்கமே வராமல் மறைந்தார்கள். எச்.ஐ.வி. ஏற்கெனவே மிகுந்திருந்த கூட்டம் அது.

இந்த இருளுக்கு நடுவே ஒரு செய்தி நம்மை வியக்க வைத்தது. போதைப்பொருள் பயன்படுத்துவோரே கூடி, இந்தப் போர் தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது, 2002 டிசம்பரில் தாய் போதைப்பொருள் பயனர் வலையமைப்பு என்றொரு சங்கத்தை அமைத்தார்கள். பட்டியலில் ஏறத் தக்கவர்கள் தாங்களே பெயர் சொல்லி முன்வந்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தம்மைப் போன்றோருக்கு எச்.ஐ.வி. தடுப்பு உதவியைத் தாங்களே கொண்டுசெல்ல, எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலகளாவிய நிதியத்திடமிருந்து அரசின் வழியாகவன்றி நேரடியாகவே நிதியும் பெற்றார்கள். ஊர் அளவிலான பணி என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டுத்தான். கிராமத் தலைவரின் பட்டியலுக்கு நேர் எதிரானது.

2006-இல் இராணுவப் புரட்சியில் தக்சின் வீழ்ந்தார். அடுத்த ஆண்டு, முன்னாள் தலைமை அரசு வழக்கறிஞர் கனித் நா நகோன் தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைந்தது. (புரட்சியில் வந்த அரசு, வீழ்த்தப்பட்டவரின் குற்றத்தைத் தோண்டுவதில் இருந்த அரசியலையும் நாம் மறந்துவிட வேண்டியதில்லை.) மூன்று மாதங்களில் 2,559 கொலை வழக்குகளில் 2,819 பேர் இறந்ததாக அக்குழு கணக்கிட்டது. அவர்களில் போதை வணிகத்தோடு தொடர்புபட்ட சாவுகள் 1,370. தொடர்பற்றவை 878. காரணமே விளங்காதவை 571.

பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2016-இல், பிலிப்பைன்ஸில் பட்டியல் மறுபடி கைமாறியது. இம்முறை பராங்காய் எனும் உள்ளூராட்சி அலகுகள் பெயர்களைத் திரட்டின. காவலர் வீடுதேடிப் போகும் திட்டத்திற்கு 'தொக்ஹாங்' என்று பெயர். கதவைத் தட்டிக் கெஞ்சிக் கேட்பது என்பது அதன் பொருள். காவல்துறை நடவடிக்கைகளில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்ததை அந்நாட்டு அரசின் கணக்கே ஒப்புக்கொள்கிறது. அப்போது அதிபராக இருந்த ரொட்ரிகோ துதெர்த்தே 2025 மார்ச் 11 அன்று மணிலாவில் கைதுசெய்யப்பட்டு, தி ஹேக் நகரிலுள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டார்.

தாய்லாந்தின் 2003-க்கு அப்படியொரு நாள் வரவில்லை. குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2008-இல் பதவியேற்ற அரசு, போதைப்பொருளுக்கு எதிரான புதியதொரு போரை அறிவித்தது.