கார்பைனும் குறியும்

'கார்பைன்' ஆங்கிலச் சொல் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். மூலம் பிரெஞ்சு: 'கராபின்'. குதிரைமேல் இருந்தபடி சுட வசதியாகக் குழலைக் குட்டையாக்கிய துப்பாக்கி அது. புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்தவன் ஆதலால் இந்தச் சொல்லின்மேல் எனக்கு ஒரு பற்று உண்டு.

2023 ஜனவரியில் நம் செங்கல்பட்டுப் பக்கம் ஒத்திவாக்கத்தில் அகில இந்தியக் காவல்துறை துப்பாக்கி சுடும் போட்டி நடந்தது. ரைபிள், பிஸ்டலோடு கார்பைனுக்கும் தனிப் பிரிவு இருந்தது. நாவலூரில் என்னுடன் காலையில் நடக்க வரும் நண்பர் ஒருவர் கேட்டார்: "பிஸ்டல் தோட்டாவைப் போட்டுச் சுடுகிற துப்பாக்கியில் குறி எப்படி சார் நிற்கும்?"

நியாயமான கேள்வி. பதில் 1873இலேயே இருக்கிறது. அந்த ஆண்டு அமெரிக்காவில் வின்செஸ்டர் ரைபிள் வந்தது. சில ஆண்டுகளில் கோல்ட் கம்பெனி தன் ரிவால்வரையும் அதே தோட்டாவுக்குச் செய்தது. இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று; தோட்டா ஒன்றே. தோளில் வைத்துச் சுட்டதுதான் குறி தவறாமல் போனது. காரணம் எளிது. தோள் தாங்குவதால் கை ஆட்டம் குறைகிறது. முன் குறிக்கும் பின் குறிக்கும் இடைவெளி கூடுவதால் சிறு பிசகும் கண்ணில் படுகிறது.

ஆனால் இரண்டாம் உலகப்போர் வேறு வழியில் போனது. 1941இல் பிரிட்டன் செய்த ஸ்டென், மலிவாக, வேகமாக, ஏராளமாக வேண்டும் என்று செய்தது. பிரெஞ்சுக்காரர்களின் மாட்-49உம் அந்த வழிதான். புதுவைச் சிப்பாய்கள் பலர் போன இந்தோசீனப் போரில் அது பிரெஞ்சுப் படையின் கையில் இருந்தது. ஸ்டெனுக்குப் பின் 1953இல் பிரிட்டிஷ் படை ஏற்ற ஸ்டெர்லிங்கை நம் கான்பூர் தொழிற்சாலையும் செய்தது. நம் போலீஸ்காரர் தோளில் பல்லாண்டு நாம் பார்த்த 9 மி.மீ. கார்பைன் அதுவே.

இவற்றில் ஒரு குறை உண்டு. விசையை இழுக்கும் முன் போல்ட் பின்னால் நிற்கும். இழுத்ததும் அந்தக் கனத்த இரும்பு முன்னால் பாய்ந்து, தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி, வெடிக்க வைக்கும். அந்த உதறலில் குறி அசைந்துவிடும். 1960களில் ஜெர்மனியில் வந்த எம்.பி.-5இல் போல்ட் முன்பே மூடியிருக்கும். விசையை இழுத்தால் வெடிப்பு மட்டுமே. தோட்டா அதே 9 மி.மீ. தான்.

ஆக, குறிக்காகத் தேர்ந்தெடுப்பவர் பார்க்க வேண்டியவை: மூடிய போல்ட், இழுக்க இலகுவான விசை, ஆடாத தோள்கட்டை, நீண்ட குறி இடைவெளி. 100 மீட்டரைத் தாண்டினால் பிஸ்டல் குண்டு வெகுவாகத் தாழும். அதை எந்தத் துப்பாக்கியும் மாற்றாது.

நம் நாட்டில் 9 மி.மீ. சாதாரண உரிமத்தில் கிடைக்காது. பேரப்பிள்ளைக்கு ஆசை இருந்தால் ஏர் ரைபிளில் தொடங்கி .22 ரைபிளுக்குப் போகட்டும்.

போட்டியில் குறி தவறினால் மதிப்பெண் குறையும். அதே கார்பைன் கடைத்தெருவில் காவலுக்கு நிற்கும்போது தவறினால், போவது வழியில் போகிறவர் உயிர். அதனால்தான், நெருக்கத்தில் சரமாரியாகச் சுடப் பிறந்த ஒரு துப்பாக்கியைக் குறி பார்த்துச் சுடப் பழக்கும் அந்தப் போட்டியை நான் வெறும் விளையாட்டாக நினைப்பதில்லை.