ரஷ்யப் புழக்க நாணயங்களின் உலோக மாற்றம்

1998 நாணயச் சீர்திருத்தம் பழைய 1000 ரூபிளை 1 புதிய ரூபிளாக்கியது. அப்போது புழக்கத்துக்கு வந்த, 1997 என ஆண்டு பொறித்த நாணயங்களில், ரூபிளின் சில்லறையான 10, 50 கோபெக்குகள் பித்தளை; 1, 2 ரூபிள்கள் செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை; 5 ரூபிள் செம்பின்மேல் செம்பு-நிக்கல் பூச்சுடையது. 2006-இல் அந்தக் கோபெக்குகளும், 2009-இல் ரூபிள்களும் முலாம் பூசிய எஃகுக்கு மாறின. விட்டம் மாறவில்லை, எடை மட்டும் 1 ரூபிளில் 3.25 கிராமிலிருந்து 3 கிராமாகவும், 5 ரூபிளில் 6.45-இலிருந்து 6 ஆகவும் குறைந்தது. 2009 ஆண்டு பொறித்த ரூபிள்களில் இரு வகையும் உண்டு. காந்தம் ஒட்டுவது எஃகு.

இம்மாற்றத்தின் முதன்மைக் காரணம் செலவே என்பது வரிசையிலேயே தெரிகிறது: விலையேறிய உலோகத்தின் சுமை முகமதிப்பு குறைந்த நாணயத்தில்தான் முதலில் தாங்க முடியாததாகும், கோபெக்குகளே முதலில் எஃகாயின. நிக்கலை ஏராளமாகத் தோண்டும் நாடு ஏன் சிக்கனம் பார்க்க வேண்டும் எனக் கேட்கலாம். ரஷ்யாவின் நோரில்ஸ்க் சுரங்கங்களின் நிக்கலும் உலகச் சந்தை விலைக்கே விற்கப்படுகிறது. நாணயத்தில் அடைபடும் ஒவ்வொரு கிலோவும் இழந்த ஏற்றுமதி வருவாய். மலிவான உலோகம் ரூபிளின் மதிப்பைக் குறைத்தது என்ற வாதமும் நிற்காது. ரூபிளின் வாங்கும் ஆற்றலைப் பணவீக்கம்தான் அரித்தது. உலோகம் அதைப் பின்தொடர்ந்தது. எஃகும்கூட சிறு காசைக் காப்பாற்றவில்லை: ஏற்கெனவே எஃகாலான 1, 5 கோபெக்குகளின் வழக்கமான அச்சடிப்பு 2012-இல் நின்றது. மாறாக, 2009-இல் பித்தளை முலாமிட்ட எஃகில் வந்த 10 ரூபிள் நாணயம், விரைவில் கிழிந்துபோகும் தாளைவிடப் பல மடங்கு நீடித்து உழைக்கிறது. அங்கே எஃகின் கணக்கு முழுமையாகப் பொருந்துகிறது.