மரையிட்ட குழாய் இணைப்பில் கசிவு

மரையிட்ட குழாய் இணைப்பு என்பது, ஒரு குழாயின் வெளிமரையை மற்றொரு உறுப்பின் உள்மரைக்குள் திருகி அமைக்கப்படும் இணைப்பு ஆகும். வீடுகளில் ஜி.ஐ. எனப்படும் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள், பித்தளை வால்வுகள், நீர்க்குழாய்த் திறப்பிகள் ஆகியன பெரும்பாலும் இம்முறையிலேயே பொருத்தப்படுகின்றன. இவ்விணைப்பில் ஏற்படும் கசிவு சிறிதாகத் தோன்றினாலும் இழப்பு சிறிதன்று. 20 துளிகள் ஒரு மில்லிலிட்டர் எனக் கொண்டால், நொடிக்கு ஒரு துளி வீதம் நாளொன்றுக்கு 4 லிட்டருக்கும் மேல் நீர் வீணாகும். சுவருக்குள் உள்ள கசிவு பூச்சையும் மின்கம்பிகளையும் பாதிக்கக்கூடும்.

மரையின் அமைப்பு

இந்தியா, இலங்கை, பிரித்தானியா ஆகிய நாடுகளில் பிரித்தானியச் சீர்தரக் குழாய் மரை பரவலாகப் பயன்படுகிறது. இது சோசப்பு விட்வொர்த் 1841 இல் முன்மொழிந்த 55 பாகைக் கோண மரையை அடிப்படையாகக் கொண்டது. அமெரிக்கக் குழாய் மரையின் கோணம் 60 பாகை. அரை அங்குல அளவில் இரண்டிலும் அங்குலத்துக்கு 14 மரைகளே உள்ளதால் அவை ஒன்றோடொன்று பொருந்துவது போலத் தோன்றும், ஆனால் கசியும்.

இம்மரைகள் இரு வகைப்படும்.

கூம்பு மரை: 16 அலகு நீளத்துக்கு ஓர் அலகு விட்டம் குறையும். திருகத் திருக இறுகும்.
இணை மரை: விட்டம் மாறாது. இதில் நீரைத் தடுப்பது மரை அன்று, வாசரே ஆகும். எனவே இங்கு கசிவு ஏற்பட்டால் வாசரை மாற்ற வேண்டும். நாடா சுற்றுவதால் பயனில்லை.

கசிவின் காரணங்கள்

கூம்பு மரை நன்கு இறுகிய பின்னரும், மரையின் முகட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே சுருள் வடிவில் ஒரு நுண்ணிய வழி எஞ்சியிருக்கும். அதனை அடைப்பதற்காகவே டெஃப்லான் நாடா, அல்லது பசை தடவிய சணல் நார் பயன்படுத்தப்படுகிறது. அடைப்புப் பொருள் குறைதல், மரை சிதைதல், துருப்பிடித்தல், நெகிழிக் குழாயில் விரிசல் ஆகியன கசிவுக்கான முதன்மைக் காரணங்களாகும். மரை வெட்டிய இடத்தில் குழாயின் சுவர் மெலிந்திருப்பதால் துரு பெரும்பாலும் அங்கேயே முதலில் ஊடுருவுகிறது.

சரிசெய்யும் முறை

1. வால்வை மூடி, கீழ்நிலையில் உள்ள ஒரு திறப்பியைத் திறந்து நீரை வடியவிட வேண்டும்.
2. இரண்டு ரெஞ்சுகள் தேவை. ஒன்றால் குழாயை அசையாமல் பிடித்து, மற்றொன்றால் உறுப்பைக் கழற்ற வேண்டும். இல்லையெனில் அடுத்த இணைப்பும் தளர்ந்துவிடும்.
3. பழைய நாடாவையும் துருவையும் கம்பித் தூரிகையால் நீக்கி, மரையை உலர்த்த வேண்டும். மரை அரித்துப் போயிருந்தால் அத்துண்டை மாற்றுவதே தீர்வாகும்.
4. வெளிமரையின் முனையை நேராக நோக்கிய நிலையில், முதல் மரையை விட்டு, நாடாவை வலஞ்சுழியாக இழுத்துச் சுற்ற வேண்டும். மெல்லிய நாடா எனில் 4 அல்லது 5 சுற்றுகள் தேவைப்படலாம். எதிர்த்திசையில் சுற்றினால் திருகும்போது நாடா உரிந்துவிடும்.
5. முதலில் கையாலும், பின்னர் ரெஞ்சால் ஒன்று அல்லது இரண்டு சுற்றும் இறுக்க வேண்டும். இறுக்கிய பின் பின்னோக்கித் திருப்பினால் அடைப்பு கலைந்துவிடும். அவ்வாறாயின் புதிய நாடா சுற்ற வேண்டும்.
6. வால்வை மெதுவாகத் திறந்து, இணைப்பை உலர்ந்த தாளால் துடைத்து ஈரம் உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

இரு முனைகளும் பொருத்தப்பட்ட குழாயை நடுவில் கழற்ற இயலாது. ஒரு முனை தளரும்போது மறுமுனை இறுகும். இதன் பொருட்டே குழாய்த் தொடரில் யூனியன் என்னும் உறுப்பு இடையிடையே அமைக்கப்படுகிறது. யூனியன் இல்லாத இடத்தில் குழாயை அறுத்து, மரை வெட்டி, யூனியன் சேர்க்க நேரிடும்.

நெகிழி உள்மரையை மிகையாக இறுக்கினால் அது பிளந்துவிடும். ஆகவே பித்தளை மரை பதித்த உறுப்புகள் விரும்பப்படுகின்றன. வெளிப்புறம் பூசப்படும் எப்பாக்சி போன்ற பசைகள் தற்காலிகத் தீர்வு மட்டுமே. முற்காலத்தில் பயன்பட்ட வெள்ளை ஈயப் பசை நச்சுத்தன்மை உடையது; குடிநீர்க் குழாய்களில் பயன்படுத்தத் தகாதது.