வேற்றுக் கணினியில் பேக்கப் மீட்பு

ஒரு கணினியில் எடுத்துவைத்த பேக்கப்பை, அந்தக் கணினி கைவிட்டுப் போன பிறகு, இன்னொரு கணினியில் திறந்து கோப்புகளை எடுப்பதை இது குறிக்கும். பழைய கணினியிலேயே ரெஸ்டோர் செய்வது எளிது. அதே மென்பொருள், அதே பயனர், அதே எழுத்துரு அங்கே இருக்கும். புதிய கணினிக்கு இவற்றில் எதுவும் தெரியாது.

தென்சென்னைப் புறநகரில் இந்தத் தேவை பலருக்கும் ஒரே நாளில் வந்தது. 2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் தரைத்தளங்கள் மூழ்கின. மேசைக் கணினியின் சிபியு பெரும்பாலும் தரையில்தான் இருக்கும். பேக்கப் டிஸ்க்கும் அதே மேசையின் கீழ்த்தட்டில் இருந்தால் இரண்டுக்கும் ஒரே கதிதான். நனைந்த ஹார்ட் டிஸ்க்கை வெயிலில் உலர்த்தி ஓடவிட்டுப் பார்ப்பது பலரும் செய்யும் தவறு. உள்ளே புகுந்த சேறு தகட்டில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். சுழலத் தொடங்கியதும் தகட்டைக் கீறிவிடும். ஈரத்தோடு பையில் கட்டி, தரவு மீட்பவரிடம் கொடுப்பதே நல்லது.

டிஸ்க் தப்பினாலும் வேலை முடிவதில்லை. விண்டோஸ் எக்ஸ்பியில் எடுத்த பேக்கப்பை மீட்கும் கருவி விஸ்டாவில் கூடவே வரவில்லை. 2012இல் விண்டோஸ் 8 கொண்டுவந்த ஃபைல் ஹிஸ்டரி இந்த வகையில் மேலானது: கோப்புகளைச் சாதாரணக் கோப்புகளாகவே வைப்பதால் எந்தக் கணினியிலும் நகலெடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு பெயரின் வாலிலும் தேதியும் நேரமும் ஒட்டியிருக்கும். அதுவும் உலகப் பொது நேரம். காலை 10 மணிக்குச் சேமித்தது 4.30 என்று நிற்கும். 'அனுமதி இல்லை' என்று வந்தால் பயப்பட வேண்டாம். பழைய பயனரின் உரிமையை அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கிலிருந்து மாற்றிக்கொள்ளலாம். பிட்லாக்கர் பூட்டு வேறு ரகம்: கடவுச்சொல்லும் 48 இலக்க மீட்புச் சாவியும் தொலைந்தால் டிஸ்க் கையில் இருந்தும் பயனில்லை.

கடைக்கணக்கு வைத்திருக்கும் டேலியில் பதிப்பைக் கவனிக்க வேண்டும். புதிய பதிப்பின் தரவைப் பழையது திறக்காது.

தமிழ்க் கோப்புக்கு இன்னொரு தொல்லை உண்டு. டிடிபி கடைகளில் பாமினியில் தட்டச்சான பத்திரமும் அழைப்பிதழும், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். 'தமிழ்' என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ என்று வந்து ஓர் அரைப்புள்ளியில் முடியும். கோப்பு கெட்டுவிட்டதென்று அழித்தவர்கள் உண்டு. தமிழக அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. அதற்கு முந்தைய பேக்கப்பை எடுக்கும்போது பழைய கணினியின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும். அது கிடைக்காவிட்டால், எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்து, மாற்றியில் ஒட்டி, கோப்பு கோப்பாக யூனிகோடுக்குக் கொண்டுவர வேண்டியதுதான்.