எலி வளையும் தனி வளையும்

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பதை மனிதருக்கு உவமையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். எலியினத்துக்கே அது நேர்ப்பொருளில் பொருந்தும் என்பதற்கு ஹாம்ஸ்டரின் வரலாறு சான்று.

1930 ஏப்ரலில், எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழக விலங்கியலாளர் இஸ்ரேல் அகரோனி, சிரியாவின் அலெப்போவை அடுத்த கோதுமை வயலொன்றைத் தோண்டுவித்தார். 8 அடி ஆழத்தில் ஒரு தாயும் 11 குட்டிகளும் கிடைத்தன. வேண்டியவர் ஒட்டுண்ணியியலாளர் சால் அட்லர். காலா-அசார் வகை நோய்களின் ஆய்வுக்கு அவருக்கு ஹாம்ஸ்டர் தேவைப்பட்டது. (அந்நோய்க் கிருமியின் பெயரிலுள்ள 'டோனோவானி', 1903இல் அதனைச் சென்னையில் கண்ட மருத்துவர் சார்லஸ் டோனோவனை நினைவூட்டுவது.)

அடைபட்ட தாய் ஒரு குட்டியைக் கடித்துக் கொன்றது. அஞ்சியவர்கள் தாயையே கொன்றனர். எஞ்சியவை ஓரிரவு தப்பியோடின, பிடிபட்டவை 9. அவற்றைப் பல்கலைக்கழக விலங்குக்கூடத்தில் மரத்தளமிட்ட கூண்டில் வைத்தனர். வளை தோண்டும் உயிருக்கு மரம் எம்மாத்திரம்? ஐந்து அதனைக் கொறித்து வெளியேறி மாண்டன. மீந்தவை நான்கே.

இவ்விடத்தில் கூடப் பொறுப்பாளர் பென்-மெனாகெம் செய்ததுதான் என்னை வியக்க வைக்கிறது. பெரிய கம்பிவலைக் கூண்டொன்றில் வைக்கோலை இறுகத் திணித்து, மேலே வெளிச்சத்துக்குச் சிறிதளவே இடம் விட்டார். பெட்டை அதற்குள் துளைத்து இறங்கியது. பின்னரே ஆணை விட்டார். இனம் பெருகியது, இன்று வீடுகளில் வளரும் பொன்னிற ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை அவற்றின் வழிவந்தவை. கூண்டுக்குள் ஒரு வளையை அமைக்க வேண்டும் என்பதை அவர் அன்றே உணர்ந்திருந்தார்.

கடைக்காரர்கள் அதை மறந்துவிட்டார்கள் போலும். வண்ணக் குழாய்களும் மாடிகளும் உண்டு. அடியில் இரண்டு விரற்கடை மரத்தூள். இரண்டு ஹாம்ஸ்டர்களை 'துணைக்கு' என்று சேர்த்தும் விற்கிறார்கள். வளர்ந்த பொன்னிற ஹாம்ஸ்டர்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறும். கம்பிப்படிச் சக்கரத்தில் கால் சிக்கி முறியும். தளம் மூடிய சக்கரமே தகும்.

2001இல் வெளியான கள ஆய்வில் சிரிய வயல்களின் வளைகள் 36 முதல் 106 செ.மீ. ஆழம் கொண்டிருந்தன. 2006இல் வெளியான ஓர் ஆய்வில் 10, 40, 80 செ.மீ. ஆழப் படுகைகளில் ஹாம்ஸ்டர்களை வைத்துப் பார்த்தனர். 10 செ.மீ. படுகையில் இருந்தவை கம்பியை ஓயாது கடித்தன. 80 செ.மீ. படுகையில் ஒன்றுகூடக் கடிக்கவில்லை.